சிறு காரும் செலவுக் கணக்கும்

ஒரு பொருள் மலிவானது என்பதும், கொடுத்த பணத்துக்குத் தகுந்த பயனைத் தருவது என்பதும் ஒன்றல்ல. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர்களுக்கே இது தெரியும். ஆனால் சில லட்சம் ரூபாய் கொடுத்து மோட்டார் கார் வாங்கும்போது இந்த வேற்றுமையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். காரின் விலை ஒரு தடவை கொடுப்பது. பெட்ரோல், பழுது பார்க்கும் கூலி, உதிரிப் பாகம், இன்ஷூரன்ஸ் ஆகியவையோ கார் நம்மிடம் இருக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பவை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நம்மவர் சொல்வது இதைத்தான். குறைவாகத் தீனி தின்னும் யானையைத் தேடி இந்தியக் குடும்பங்கள் பல்லாண்டுகள் அலைந்த கதையே நம் நாட்டில் சிறு காரின் வரலாறு. எளிய, சிக்கனமான கார் பணத்துக்குத் தகுந்த பொருள்தானா என்ற கேள்விக்கு அந்த வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

நாடு விடுதலை பெற்ற வேளையில் இங்கே ஓடிய கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் செய்யப்பட்டவை. அல்லது பாகங்களாகக் கப்பலில் வந்து, நம் துறைமுக நகரங்களில் பூட்டப்பட்டவை. 1953-ஆம் ஆண்டில் சுங்கத் தீர்வைக் கமிஷன் இந்நிலைமையை ஆராய்ந்தது. வண்டியை இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டமுள்ள கம்பெனிகள் மட்டுமே தொழிலில் நீடிக்கலாம் என்று அது சிபாரிசு செய்தது. அமெரிக்கக் கம்பெனிகளான போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. காரைப் பொறுத்தவரை மூன்று கம்பெனிகள் களத்தில் நின்றன. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி.

இம்மூன்றின் கார்களையும் பிற மாநிலங்களில் வாழ்ந்த தமிழர்கள் நன்கு அறிவார்கள். கல்கத்தாவில் வேலை பார்த்தவர்களுக்கு அம்பாஸடர். பம்பாயில் குடியேறியவர்களுக்கு பியட். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் வாயிலாக ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-இல் வெளிவரத் தொடங்கிய ஹெரால்டு, மூன்றிலும் சிறியது. அதன் எஞ்சின் முதலில் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையதாக இருந்தது. அம்பாஸடரின் எஞ்சினோ 1,489 கன சென்டிமீட்டர். ஆகவே சிறு கார் என்னும் எண்ணம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டிலேயே அது வார்ப்பும் வடிவமும் பெற்றிருந்தது.

ஆயினும் அக்காலத்தில் காரின் பயனை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வாங்குவோருக்கு இடமே இருக்கவில்லை. அரசாங்கம் அந்நியச் செலாவணியை லாரிகளுக்கும் பஸ்களுக்கும் முதலில் ஒதுக்கியது. கார் ஆடம்பரப் பொருள் என்று கருதப்பட்டது. 1970-களில்கூட நாடு முழுவதும் ஆண்டொன்றுக்குச் செய்யப்பட்ட கார்கள் சில பத்தாயிரங்களே. பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதுக் கார் கைக்கு வந்தவுடனே அதைக் கூடுதல் விலைக்கு விற்றுவிடவும் முடிந்தது. பழைய காருக்கு நல்ல விலை கிடைத்ததைக் கண்டு பலர் அது காரின் தரத்துக்குச் சான்று என்று நினைத்தார்கள். அது தட்டுப்பாட்டின் விளைவேயன்றி வேறல்ல. பஞ்சகாலத்தில் விற்கும் அரிசி விலையைக் கொண்டு அரிசியின் தரத்தை மதிப்பிட முடியுமா?

எளியோருக்கு ஒரு கார் வேண்டும் என்ற பேச்சு அக்காலத்திலேயே எழுந்தது. எல். கே. ஜா தலைமையில் அமைந்த குழு முதலாக, 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கக் குழுக்கள் குறைந்த விலைக் காரைப் பற்றி ஆராய்ந்தன. செயல் தொடரவில்லை. 1970-இல் ஆண்டுக்கு 50,000 சிறு கார்கள் செய்வதற்கான அனுமதிக் கடிதம் சஞ்சய் காந்திக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மாருதி லிமிடெட் என்ற கம்பெனி தோன்றியது. ஆனால் அந்தக் கார் வாங்குவோர் கைக்கு வந்து சேரவேயில்லை. கம்பெனியும் 1978-இல் கலைக்கப்பட்டது.

இதற்கிடையே 1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்காக உயர்ந்தது. நகரத் தெருக்களில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பத்துக் கிலோமீட்டரை எட்டவே திணறிய பெரிய வண்டியை வைத்திருந்தவர்கள், தீனிச் செலவின் பாரத்தை முதன்முறையாக முழுமையாக உணர்ந்தார்கள். 1979-இல் மீண்டும் விலை ஏறியது. சிக்கனமான எஞ்சின் என்பது கஞ்சத்தனமன்று, தேவை என்ற எண்ணம் அவ்வாண்டுகளில்தான் வேரூன்றியது.

1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்னும் அரசாங்கக் கம்பெனி நிறுவப்பட்டது. அதை முன்நின்று நடத்தியவர் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. திருச்சி மிகுமின் கொதிகலன் தொழிற்சாலையிலும், பின்னர் அந்நிறுவனத்தின் தலைமையிலும் பணியாற்றி அனுபவம் பெற்றவர் அவர். 1982 அக்டோபரில் ஜப்பானின் சுஸுகி கம்பெனியுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1983-இல் முன்பதிவு தொடங்கியபோது, கண்ணால் காணாத காருக்கு 10,000 ரூபாய் முன்பணம் கட்டியவர்கள் ஏறத்தாழ 1,35,000 பேர். அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி முதல் கார் வழங்கப்பட்டது. விலை 50,000 ரூபாயை ஒட்டியிருந்தது.

மாருதி 800 ஏன் வெற்றி பெற்றது? விலை மட்டுமே காரணம் என்றால் தவறாகும். அதன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டரும் கொண்டது. ஆனால் இழுக்க வேண்டிய பாரமும் மிகக் குறைவு. ஆயிரம் கிலோவைத் தாண்டிய அம்பாஸடருக்கு எதிரே இதன் எடை 650 கிலோ அளவே. எஞ்சின் முன்சக்கரங்களையே ஓட்டியதால், பின்சக்கரம்வரை நீளும் கனமான தண்டு தேவைப்படவில்லை. எடை குறைந்ததால் பெட்ரோல் குறைந்தது; டயரும் பிரேக்கும் தேய்வது குறைந்தது. காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பியது. இது இன்று சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அதுவே அதிசயம். அடுத்து, ஊர்தோறும் பழுது பார்க்கும் நிலையங்களும் உதிரிப் பாகங்களும் படிப்படியாகப் பரவின. ஜாம்ஷெட்பூரில் வாங்கிய காரை நாகபுரியில் பழுது பார்க்கலாம் என்ற நம்பிக்கை, மாற்றல் உத்தரவுக்கு ஆட்பட்ட குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி! தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் பழைய மாருதிக்கு மதிப்பு நின்றது. அதுவே தரத்துக்குச் சான்று. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது, 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இந்நாட்டில் விற்பனையாகியிருந்தன.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். எளிமைக்காக ஒரு லிட்டர் பெட்ரோல் 100 ரூபாய் என்று கொள்வோம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் காருக்கு 1,000 லிட்டர் வேண்டும். 20 கிலோமீட்டர் தரும் காருக்கு 500 லிட்டர் போதும். ஆண்டுக்கு 50,000 ரூபாய் மிச்சம். பழைய காரிலிருந்து மாருதிக்கு மாறியவர்கள் பெற்ற லாபம் இவ்வகையானது. ஆனால் 20 கிலோமீட்டர் தரும் காரை விட்டு 24 தரும் காரை வாங்கினால் மிச்சமாவது ஏறத்தாழ 83 லிட்டர், அதாவது 8,300 ரூபாய்தான். அதற்காக ஒரு லட்ச ரூபாய் அதிகம் கொடுத்தால், அத்தொகை திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுகிறவருக்கு அந்த ஒரு லட்சம் திரும்பவே போவதில்லை. எரிபொருள் சிக்கனத்தின் மதிப்பு காரில் மட்டும் இல்லை. நாம் ஓடும் தூரத்திலும் இருக்கிறது.

1991-க்குப் பிறகு தொழிற்கொள்கை தளர்ந்தது. பல நாட்டுக் கம்பெனிகள் வந்தன. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளிவந்தது. அதே ஆண்டில் தேவூ கம்பெனியின் மாட்டிஸும் வந்தது. இரண்டும் கொரியக் கம்பெனிகள். இரண்டும் நல்ல சிறு கார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டில் தேவூவின் தாய்க் கம்பெனி நொடித்தது. சில ஆண்டுகளில் அதன் இந்தியத் தொழிற்சாலையும் நின்றது. வாங்கியவர்கள் உதிரிப் பாகங்களைத் தேடி அலைய நேர்ந்தது. கார் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் செய்தவரும் நிலைத்திருக்க வேண்டும் என்பதை அது காட்டியது. 2006-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், நிதியமைச்சர் ப. சிதம்பரம் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறு கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவிகிதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். இன்று நம் தெருக்களில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார்கள் மிகுந்திருப்பதற்கு இவ்வரிச் சலுகை ஒரு முக்கியக் காரணம்.

மலிவின் எல்லையைத் தொட்டது டாட்டா நானோ. ஸ்கூட்டரில் கணவன், மனைவி, இரு குழந்தைகள் மழையில் நனைந்து செல்லும் காட்சியே தம்மைத் தூண்டியது என்று ரத்தன் டாட்டா கூறினார். 2008 ஜனவரி 10-ஆம் தேதி டில்லியில் அக்கார் காட்டப்பட்டது. விலை ஒரு லட்சம் ரூபாய். வங்காளத்துச் சிங்கூரில் நிலத் தகராறு எழுந்ததால், தொழிற்சாலை குஜராத்திலுள்ள சானந்துக்கு மாறியது. 2009-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்பதிவு செய்தார்கள். சீட்டுக் குலுக்கி ஒரு லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுக்கு 2.5 லட்சம் கார்கள் செய்யத் திட்டமிடப்பட்டது. ஆனால் எந்த ஆண்டிலும் விற்பனை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. 2018-இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றேவிட்டது.

இத்தனைக்கும் நானோவின் 624 கன சென்டிமீட்டர் எஞ்சின் மிகச் சிக்கனமானது. பிறகு ஏன் இந்நிலை? தொழிற்சாலை இடம் மாறியதால் தாமதம் ஏற்பட்டது. சில கார்கள் தீப்பற்றிய செய்தி அச்சத்தை விளைத்தது. இவற்றைவிட ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. விலையைக் குறைப்பதற்காக எதை நீக்கினார்கள் என்பதை வாங்குவோர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். தொடக்க வகையில் குளிர்சாதனம் இல்லை. வலப்புறம் ஒரே கண்ணாடி. பின்கதவு வெளியிலிருந்து திறக்காது. அதே பணத்தில் ஓரளவு ஓடிய மாருதி கிடைத்தது. மேலும், கார் என்பது ஒரு குடும்பம் முன்னேறியதன் அடையாளமாகவும் இருக்கிறது. மிக மலிவான கார் என்ற பட்டமே அந்த அடையாளத்தைக் கெடுத்தது. அவ்வாறு விளம்பரமானது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார்.

இதைவிடக் கவலைக்குரிய பாடம் 2014 ஜனவரியில் வெளிப்பட்டது. குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களின் தொடக்க வகைகளை மோதிச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் பெற்ற நட்சத்திரம் பூஜ்யம். அவற்றுள் ஒன்றான போலோவையே காற்றுப்பைகள் பொருத்தி மறுபடி சோதித்தபோது அது நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. ஆல்டோ, நானோ ஆகியவற்றிலோ கூடே நிலைகுலைந்தது. அத்தகைய கார்களுக்குக் காற்றுப்பை மட்டும் போதாது. எடை குறைவும் விலை குறைவும் பெட்ரோல் சிக்கனத்தைத் தந்த அதே வேளையில், உயிர்ப் பாதுகாப்பு பல கார்களில் கணக்கில் சேராமலே விடுபட்டிருந்தது. வாங்குவோரும் அதைக் கேட்கவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்ட நாம், மோதினால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

பின்னர் சட்டம் விழித்துக்கொண்டது. 2017 அக்டோபர் முதல் புதிய மாதிரிகளுக்கு மோதல் சோதனை கட்டாயமாயிற்று. 2019-இல் ஓட்டுநருக்கும், 2021-இல் அருகில் அமர்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மதிப்பீட்டு முறையும் நடைமுறைக்கு வந்தது. இவற்றால் சிறு காரின் விலை உயர்ந்தது உண்மை. அந்த உயர்வை நஷ்டமாகக் கருதலாகாது. முன்பு விலைச்சீட்டில் காட்டாமல் மறைத்த ஒரு செலவு இப்போது வெளிப்படையாகிவிட்டது, அவ்வளவே.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காரை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்திலிருந்து மீதி வரியைத் திரும்பப் பெறும் அலைச்சலும் உண்டு. 2021 செப்டம்பரில் தொடங்கிய பாரத் வரிசைப் பதிவு, அரசாங்க ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்திருக்கிறது. அடிக்கடி ஊர் மாறுவோர் காரைத் தேர்ந்தெடுக்குமுன் இதையும், போகும் ஊரில் பழுது பார்க்கும் வசதியையும் விசாரிப்பது அவசியம்.

ஆகவே, எளிய சிக்கனக் கார் பணத்துக்குத் தகுந்த பொருளா என்றால், ஆம் என்றே வரலாறு விடை சொல்கிறது. ஆனால் சில நிபந்தனைகளோடு சொல்கிறது. நாம் ஓடும் தூரத்துக்கு அதன் சிக்கனம் பயன்பட வேண்டும். உதிரிப் பாகம் எங்கும் கிடைக்க வேண்டும். செய்தவர் நிலைத்திருக்க வேண்டும். உள்ளே அமரும் நம் பிள்ளைகளைக் காக்கும் வலிமை அதன் கூட்டுக்கு இருக்க வேண்டும். முதல் மூன்றில் சற்றுக் குறை இருந்தால் பணத்தோடு போகும். நான்காவதில் பேரம் பேசுவதற்கில்லை.