பழைய ஸ்டியரிங், புதுக் கம்ப்யூட்டர்: ஒரு சின்ன சரித்திரம்

"நம்ம டிபார்ட்மென்ட் பெருமையை எல்லாரும் எழுதுவாங்க. நீ டெக்னிக்கலா ஏதாவது எழுது, ஆனா சிவில்காரங்களுக்கும் புரியணும்" என்பது மலர்க் குழுவின் உத்தரவு. எனவே ஒரு விளையாட்டுச் சாமானின் கதை.

டி.வி.யில் கார் ரேஸ் ஆடுவதற்காக ப்ளேஸ்டேஷனுக்கு விற்ற ஸ்டியரிங் வீல்கள் பல வீடுகளில் பரண் ஏறிவிட்டன. இறக்கித் தூசி தட்டிப் பார்த்தால் மோட்டார், பல்சக்கரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒன்று ஓடாது, அல்லது அரைகுறையாக ஓடும். காரணம் தெரிய 1981-லிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஆண்டு வந்த ஐ.பி.எம். பி.சி.க்கு கேம் போர்ட் என்று ஒரு அட்டை உண்டு. சீனியர்களுக்கு சவுண்ட் கார்டின் பின்னால் இருந்த 15 துளை சாக்கெட் ஞாபகம் இருக்கும், அதுதான். செலவை மிச்சம் பிடிக்க இதில் ஏ.டி.சி. வைக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர், அட்டையில் ஒரு கெபாசிட்டர், ஒரு 558 சிப். லேபில் 555 வைத்து மோனோஸ்டேபிள் செய்தவர்களுக்குச் சொல்கிறேன், 558 என்பது அந்த ஜாதி டைமர்கள் நாலு ஒரே கூட்டில் குடியிருப்பது. ப்ராஸஸர் டைமரைத் தட்டிவிட்டு, பிட் விழும்வரை ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டன்ஸ் பூஜ்யமென்றால் சுமார் 24 மைக்ரோசெகண்ட், 100 கிலோ ஓம் என்றால் சுமார் 1.1 மில்லிசெகண்ட். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை இப்படி நேரத்தால் அளந்தார்கள். வேகமான ப்ராஸஸர் வந்தால் அதே நேரத்தில் அதிகம் எண்ணிவிடும். பழைய கேம்கள் சில தடுமாறின. மொத்தம் நாலு அச்சு, நாலு பட்டன். எதிர்முனையில் இருப்பது ஜாய்ஸ்டிக்கா ஸ்டியரிங்கா என்று இந்த போர்ட்டுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு எல்லாமே ரெசிஸ்டன்ஸ்தான்.

1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த ப்ளேஸ்டேஷன் வேறு வழியில் போனது. அது தன் கன்ட்ரோலரோடு க்ளாக், கமாண்ட், டேட்டா என்று தனித்தனிக் கம்பிகளில் பேசியது, நாம் படித்த எஸ்.பி.ஐ. மாதிரி. முதலில் அது கேட்பது 'நீ யாரு?' என்றுதான். ஹெக்ஸில் 41 என்று பதில் வந்தால் சாதாரண பேட். 23 என்றால் நெக்கான். இது நாம்கோ கம்பெனி 1995-ல் விட்ட ஒரு விசித்திரமான பேட். நடுவில் முறுக்கினால் கார் திரும்பும். பின்னால் வந்த ஸ்டியரிங் வீல்கள் பலவும் நெக்கான் வேஷம் போட்டுத்தான் கேம்களுக்குள் நுழைந்தன. இவற்றைக் கம்ப்யூட்டரில் மாட்ட ஆர்வலர்கள் பிரிண்டர் போர்ட்டைப் பிடித்தார்கள். அதன் டேட்டா பின்களிலிருந்தே சில டையோடுகள் வழியாக கன்ட்ரோலருக்குக் கரண்ட் எடுத்துக்கொண்டார்கள். லினக்ஸில் இதற்கு 'கேம்கான்' என்று ஒரு டிரைவரே உண்டு.

1996-ல் யூ.எஸ்.பி. வந்தது. இதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட் என்பது நம் மாணவர்களுக்கு உபரித் தகவல். யூ.எஸ்.பி.யில் மாட்டும் கருவி தன் பயோடேட்டாவைத் தானே நீட்டும்: கம்பெனி எண், மாடல் எண், எனக்கு இத்தனை பட்டன், இத்தனை அச்சு, ஒவ்வொன்றும் இத்தனை பிட். 2000-ல் வந்த ப்ளேஸ்டேஷன் 2-லும் ரெண்டு யூ.எஸ்.பி. சாக்கெட். 2001-ல் கிரான் டூரிஸ்மோ 3 கேமோடு லாஜிடெக்கின் ஜி.டி. ஃபோர்ஸ் வீலும் வந்தது. கன்சோலுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே பிளக். இத்தோடு பிரச்னை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

அடுத்து லாஜிடெக் 'டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோ' என்று ஒன்றை விட்டது. நிஜக் கார் மாதிரி 900 டிகிரி, அதாவது முழுசாக ரெண்டரைச் சுற்று. ஆனால் ஏற்கெனவே விற்றுப்போன கேம்களுக்குத் தெரிந்தது சுமார் 200 டிகிரி திரும்பும் பழைய டிரைவிங் ஃபோர்ஸ் மட்டுமே. அவற்றுக்காகப் புது வீல், மாட்டியவுடன் தன்னைப் பழைய வீல் என்றே அறிமுகம் செய்துகொள்ளும். மாடல் எண் சி294 என்று சொல்லும். ஸ்டியரிங் அளவு 10 பிட்டில்தான் வரும். விஷயம் தெரிந்த கேம் எஃப்8, 01 என்று ரெண்டு பைட்டில் தொடங்கும் ஒரு கட்டளையை அனுப்பினால், வீல் தன் இணைப்பைத் தானே துண்டித்து, சி298 என்ற சொந்தப் பெயரில், 14 பிட்டோடு திரும்பி வரும். அந்த வார்த்தையைச் சொல்ல ஆளில்லாத கம்ப்யூட்டரில் அது கடைசிவரை பழைய வீலாகவே இருந்துவிடும்.

பெடல் விஷயம் இன்னும் வேடிக்கை. ஆக்ஸிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் வீல் தனித்தனி அளவு அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் பயோடேட்டாவில் ரெண்டும் சேர்ந்த ஒரே அச்சு என்று எழுதியிருக்கிறது! ரெண்டையும் சேர்த்து மிதித்தால் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு தலைவலி என்று கேட்டுப் பாருங்கள்.

வீலோடு வந்த விண்டோஸ் மென்பொருள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டது. ஆனால் கம்பெனியின் பிந்தைய மென்பொருளான ஜி ஹப்பில் இந்த மாடலுக்கு இடமில்லை. இரும்பு நன்றாயிருக்கும்போதே அதோடு பேசும் பாஷை மறைந்துபோகிற ஆபத்து இது. யூ.எஸ்.பி. கம்பியில் ஓடும் பைட்டுகளைப் பதிவு செய்து உட்கார்ந்து பார்த்தவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். அவர்கள் எழுதியது லினக்ஸ் கெர்னலில் யாரும் படிக்கும்படி இருக்கிறது. என் கணக்கில் அது ஒரு நல்ல பாடப்புத்தகம். சி294 என்று வீல் சொன்னால் டிரைவர் அதை நம்பாது. கூடவே வரும் வெர்ஷன் எண்ணைப் பார்க்கும். ஹெக்ஸில் 13 என்று ஆரம்பித்தால் டிரைவிங் ஃபோர்ஸ் ஜி.டி., 123 என்றால் ஜி27, மற்றபடி 12 என்றால் ஜி25, இதெல்லாம் இல்லாமல் 1-ல் ஆரம்பித்தால் நம்ம ப்ரோ. ஆளைக் கண்டுகொண்டதும் கட்டளையை அனுப்பும். பெடலுக்கு, வீல் கொடுத்த பயோடேட்டாவைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானே திருத்தி எழுதிய ஒன்றை வைத்துக்கொள்ளும். குறையும் உண்டு: கையை ஒரே பக்கம் இழுக்கும் விசையும், நடுவுக்குத் திரும்புவதும்தான் இதில் கிடைக்கும். ஸ்பிரிங், டேம்பர் போன்ற மற்ற விளைவுகளுக்கு ஆர்வலர்கள் தனியாக வெளியிட்ட டிரைவரைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

2013-ல் வந்த ப்ளேஸ்டேஷன் 4 இன்னும் ஒரு படி மேலே போய், 'நீ யாரு?' என்பதோடு நிற்காமல் ரகசிய எண்கணிதத்தில் அத்தாட்சியும் கேட்டது. அது பெரிய கதை, இன்னொரு மலருக்கு ஆகும்.

வீட்டில் இப்படி ஒரு வீல் இருக்கிற ஜூனியர்கள், லினக்ஸில் எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளையை மைனஸ் வி சேர்த்துக் கொடுத்து, பி.சி.டி.டிவைஸ் என்ற வரியைப் பாருங்கள். பவர் அடாப்டரை மறக்க வேண்டாம். அது இல்லாமல் மோட்டார் அசையாது. எல்லாம் சரியாகியும் பெடல் அளவு மட்டும் துள்ளிக்கொண்டே இருந்தால் டிரைவரைத் திட்டாதீர்கள். பெடலுக்குள் இருப்பது 1981 ஜாய்ஸ்டிக்கில் இருந்த அதே பொட்டென்ஷியோமீட்டர்தான். கழற்றி, கான்டாக்ட் க்ளீனர் ரெண்டு சொட்டு விட்டு, நாலு தடவை மிதித்துப் பாருங்கள்.