யோகா வகுப்பின் முதல் நாள்: ஒரு சின்ன வரலாறு

இன்று யோகா வகுப்பில் சேர என்ன வேண்டும்? ஒரு விரிப்பு, தளர்வான உடை, தண்ணீர் பாட்டில், மாதக் கட்டணம். சாப்பிட்டவுடன் வரக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்புவார்கள். அவ்வளவுதான்! ஆனால் ஒரு காலத்தில் முதல் வகுப்புக்குத் தயாராவது இவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையில் வகுப்பு என்பதே கிடையாது. சின்ன வாசல், சன்னல் இல்லாத சுவர், சாணம் மெழுகிய தரை. அந்தக் குடிலில் யோகி தனியாகப் பயில வேண்டும். அளவான உணவும் குருவின் வழிகாட்டுதலும் கட்டாயம்.

பலர் சேர்ந்து பயிலும் இன்றைய வகுப்பின் வேர்களில் முக்கியமான ஒன்று மைசூரில் இருக்கிறது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தத் தொடங்கினார். படித்தவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள்.

அங்கேதான் 1930களின் பிற்பகுதியில் இந்திரா தேவி வந்து நின்றார். 1899இல் ரிகா நகரில் பிறந்தவர், இயற்பெயர் யூஜினியா பீட்டர்சன். வெளிநாட்டுக்காரர், அதிலும் பெண் என்பதால் கிருஷ்ணமாச்சாரியார் மறுத்துவிட்டார். மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். அப்போதும் சலுகை இல்லை. விடியுமுன் எழ வேண்டும், உணவில் கடுமையான கட்டுப்பாடு. இதைத் தாங்காமல் போய்விடுவார் என்று பார்த்தால், அவர் போகவில்லை! கணவருக்கு ஷாங்காய்க்கு மாற்றல் வந்தபோது, மறுத்த அதே ஆசிரியரே "நீ இனி கற்றுக்கொடுக்க வேண்டும்" என்று பணித்து, அதற்கான பாடமும் சொல்லிக்கொடுத்தார்.

இந்திரா தேவி ஷாங்காயில் கற்றுக்கொடுத்தார். பிறகு 1947இல் ஹாலிவுட்டில் யோகா நிலையம் திறந்தார். நடிகை குளோரியா ஸ்வான்சன் போன்றவர்கள் மாணவர்கள் ஆனார்கள். ஒரு பெண்ணுக்கு மூடியிருந்த கதவு, அவராலேயே ஊருக்கெல்லாம் திறந்தது.

விரிப்பின் கதை இன்னும் புதியது. அதற்கு முன் தர்ப்பை, மான்தோல், ஜமக்காளம் என்று கிடைத்ததில் அமர்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வகுப்பு எடுத்த ஏஞ்சலா ஃபார்மர், கால் வழுக்காமல் இருக்க, தரைக்கம்பளத்துக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பை வெட்டிப் பயன்படுத்தினார். இன்று கடையில் விற்கும் ஒட்டும் விரிப்புக்கு அதுதான் தொடக்கம்.

ஆக, அன்று மாணவர் மாற்றிக்கொள்ள வேண்டியது வாழ்க்கையை. இன்று பையில் நாலு பொருள் வைத்தால் போதும். இது நல்லதா கெட்டதா? கதவு திறந்தது நிச்சயம் நல்லது. ஆனால் கதவு திறந்தபோது ஒன்று நழுவிவிட்டது. 1950களில் சென்னைக்குக் குடிவந்த கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகவே கவனித்தார். வயது, நோய், தொழில் பார்த்துப் பயிற்சியை மாற்றினார். முப்பது பேர் இருக்கும் வகுப்பில் ஆசிரியருக்கு அது தானாகத் தெரியாது.

அதனால் முதல் நாள் செல்பவர் விரிப்பை மறந்தாலும் பரவாயில்லை. முதுகுவலி, ரத்த அழுத்தம், பழைய எலும்பு முறிவு, கர்ப்பம் எதுவாக இருந்தாலும் வகுப்பு தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். அன்று குரு கேட்டுத் தெரிந்துகொண்டதை, இன்று மாணவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.