பிரிகுரல் இசைத்தாள்

பாடகர் குழுவின் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் ஆகிய நான்கு குரல்களில் ஒன்று சிற்சில இடங்களில் மேலும் இரண்டாகப் பிரியும்போது அதை எழுதவும் அச்சிடவும் கையாளப்படும் முறை. இங்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய கேரள–தமிழக எல்லையூர்களின் தேவாலய மரபை ஒட்டிக் கூறப்படுகிறது.

பாறசாலை, லண்டன் மிஷன் என்னும் கிறிஸ்தவ ஊழியச் சங்கத்தின் நிலையங்களுள் ஒன்று. 1859இல் திருவிதாங்கூர் வந்த மிஷனரி சாமுவேல் மெற்றீர் இங்குப் பணியாற்றினார். நெய்யாற்றின்கரையை அடுத்த திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) மலையாளத்தில் இயற்றிய கீர்த்தனைகள் ஒற்றை மெட்டில் பாடப்படுபவை. அவற்றுக்குக் குரல் பிரிப்பு வேண்டியதில்லை. மேலைநாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளுக்கே அது தேவைப்பட்டது.

நான்கு குரல் பாட்டைத் தென்னிந்தியச் சபைகளில் பழக்கியதில் டானிக் சொல்ஃபா என்னும் எழுத்துவழிச் சுரக்குறிப்பு முறைக்குப் பங்குண்டு. நார்விச் நகரின் சாரா கிளவர் 1835இல் நூலாக வெளியிட்ட முறையை ஜான் கர்வன் 1840களிலிருந்து மாற்றியமைத்துப் பரப்பினார். பெருமை எவருக்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கர்வன் காங்கிரிகேஷனல் சபைப் போதகர். லண்டன் மிஷனைப் பெரிதும் தாங்கியதும் அச்சபையே. மடகாஸ்கர்வரை இம்முறை வேரூன்ற அத்தொடர்பும் ஒரு காரணமாகலாம். இதில் டோ, ரே, மீ ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே சுரங்கள். அடிகளைப் பிரிக்க முக்காற்புள்ளி, நீட்டத்துக்குச் சிறுகோடு, அரையடிக்கு ஒற்றைப்புள்ளி. மேலைநாட்டு இசைத்தாளின் ஐங்கோடு வேண்டாம், ஊர் அச்சகத்தின் ஈய எழுத்தே போதும், தட்டச்சுப் பொறியிலும் அடிக்கலாம். ஒவ்வொரு குரலுக்கும் தனிவரி என்பதால், ஆல்ட்டோ பிரிந்தால் இன்னொரு வரி சேர்த்தால் முடிந்தது. நல்ல தாளில் எல்லா வரிகளின் முக்காற்புள்ளிகளும் நூல் பிடித்தாற்போல ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும். தாளம் கண்ணுக்கே தெரியும்.

ஐங்கோட்டு முறையில் மேற்குரலின் தண்டு மேலும் கீழ்க்குரலின் தண்டு கீழும் நோக்க, இரண்டும் ஒரே ஐங்கோட்டில் அடங்கும். தாளமும் சொல்லும் ஒன்றாக இருக்கும்வரை இது செல்லும். அவை மாறினால் ஐங்கோட்டையே இரண்டாக்குவது தெளிவு. இடம் சுருக்க மேற்குரலின் சொற்களைக் கோட்டுக்கு மேலே இடுவோரும் உண்டு.

மேற்சொன்ன ஊர்கள் எல்லையூர்களானது மாநிலப் பிரிவினையால்: 1956 நவம்பர் 1 முதல் அண்டை வட்டமான விளவங்கோடு சென்னை மாநிலத்திலும் நெய்யாற்றின்கரை கேரளத்திலும் அமைந்தன. திருச்சபை நிர்வாகமும் பிரிந்து, 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரித் திருமண்டலம் தனியாயிற்று.

கணினியில் ஃபினாலே (1988), சிபேலியஸ் (1993), இலவச மென்பொருளான மியூஸ்ஸ்கோர் (2002) ஆகியவை ஐங்கோட்டு முறையையே முதன்மையாகக் கொண்டன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய தமிழ் வரி, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அச்சிக்கல் நீங்கிய பின்னும் சொல்லை அசை பிரிப்பது தட்டுபவர் பொறுப்பே: மெய் முந்தைய அசையோடு சேர்ந்து 'கர்த்-தர்' என நிற்கவேண்டும், மெய்யைத் தனியே ஒரு சுரத்தின்கீழ் விட்டால் பாட வாயெழாது. 2016இல் வந்த டோரிகோ, 2018இன் இரண்டாம் பதிப்பில், ஒரு குரலை வேண்டிய இடத்தில் பிரித்துப் பின் சேர்க்கும் வசதியைத் தந்தது. ஃபினாலேயின் வளர்ச்சி 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. அதன் கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல் என்னும் பொதுக் கோப்பு வடிவின் வழியே பிற மென்பொருள்களுக்கு மாற்றலாம்.