இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் (விருதுநகர் மாவட்டம்)

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வீடிழந்து கடல்கடந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு அமைத்த குடியிருப்புகள். மண்டபம் முகாமில் பதிவான குடும்பங்கள் அங்கிருந்து பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, ஆனைக்குட்டம், செவலூர், கண்டியாபுரம் முதலிய ஊர்களில் முகாம்கள் உள்ளன.

தற்காலிகம் என்று கட்டியவையே பலருக்கு நிரந்தரமாயின. ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே சிறிய அறை. பிள்ளைகள் வளர்ந்து மணமானபின் அதையே தட்டி வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். மழையில்லாத கரிசல் வெயிலில் தகரக்கூரையின் கீழ் பகலில் இருப்பது தண்டனைதான். ஆண்கள் பலர் பெயின்டிங், கட்டட வேலைக்குப் போகிறார்கள். வெளியூர் வேலைக்குப் போனாலும் முகாம் கணக்கெடுப்பு நாளில் நேரில் நிற்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் அரசு 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. மாநிலமெங்கும் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதன் மையம். மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500, பிற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாயாக உயர்ந்தது. கல்வி உதவியும் கூடியது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் அவ்வாண்டே 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. ஆனால் இவர்களுக்குக் குடியுரிமை தருவது ஒன்றிய அரசின் கையில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. முகாமிலேயே பிறந்த பலருக்கும் குடியுரிமை இல்லை.