சி829

போயிங் 767 காக்பிட்டில் துணை விமானிக்கு வலப்பக்கம், தரையை ஒட்டினாற்போல ஒரு சர்க்யூட் பிரேக்கர் உண்டு. பெயர் சி829. நம் வீட்டு மெயின் போர்டில் 'ட்ரிப்' ஆகுமே, அதே சங்கதிதான். விரல்நுனி அளவு பொத்தான். வெளியே வந்துவிட்டால் கரண்ட் போகாது. நான் சொல்லப்போகும் விமானத்தில், காலோ பையோ இடித்துவிடாமலிருக்க ஒரு தடுப்பும் வைக்கவில்லை.

2011 நவம்பர் 1 அன்று நியூஜெர்சியின் நெவார்க்கிலிருந்து போலந்தின் லாட் நிறுவனத்தின் 767 விமானம் ஒன்று 231 பேரோடு வார்சாவுக்குக் கிளம்பியது. மேலேறிய சற்று நேரத்தில் வலது சக்கரத் தண்டருகே ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று விட்டுப்போய், சக்கரங்களை இறக்கும் அமைப்பின் திரவம் ஒழுகிவிட்டது. கேப்டன் டாடியூஷ் வ்ரோனா திரும்பவில்லை. டேங்க் நிறைய எரிபொருளோடு இறங்குவது நல்லதல்ல. போகிற வழியில் அது தீரட்டும். தவிர, மாற்று ஏற்பாடும் உண்டே: மின்மோட்டார் பூட்டை விடுவிக்கும், சக்கரங்கள் தம் பாரத்திலேயே கீழே வந்துவிடும். அந்த மோட்டாருக்குக் கரண்ட் போகும் பாதையில்தான் சி829 இருந்தது.

2024 அக்டோபரில் திருச்சியிலிருந்து ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடித்தது பலருக்கு நினைவிருக்கும். அதுவும் ஹைட்ராலிக் கோளாறுதான். சுற்றியது எரிபொருளைக் குறைக்க. அங்கே சக்கரம் ஒழுங்காக இறங்கிவிட்டது.

வார்சாவில் இறங்கவில்லை. மாற்று ஏற்பாட்டின் சுவிட்சைப் போட்டும் பலனில்லை. எஃப்-16 போர் விமானங்கள் பக்கத்தில் வந்து பார்த்தன. சக்கரங்கள் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. வெளியே துருத்திக்கொண்டிருந்த பொத்தான் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. நுரை தெளித்த ரன்வேயில், தீப்பொறி பறக்க, வ்ரோனா விமானத்தை வயிற்றாலேயே இறக்கினார். ஒருவருக்கும் காயமில்லை. நாடே அவரைக் கொண்டாடியது.

பிறகு விமானத்தைத் தூக்கி நிறுத்தி, சி829-ஐ உள்ளே அழுத்தி, சுவிட்சைப் போட்டார்கள். சக்கரங்கள் சமர்த்தாக இறங்கின!

விமானிகள் கவனிக்காததையும் விசாரணை அறிக்கை காரணங்களில் சேர்த்தது. சேர்க்கட்டும், ஆனால் உயிர்நாடியான பிரேக்கரைக் காலடியில், காப்பில்லாமல் வைத்தவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அறிக்கையும் அந்த இடத்தைக் குறை சொல்லத் தவறவில்லை. விமானம் மறுபடி பறக்கவேயில்லை. பழைய இரும்பாகப் பிரித்துப்போட்டார்கள்.