சுகர் இருக்கிறதா... கால் புண் ஆறலையா? மருந்தை விட முக்கியமான ஒன்று இருக்கு!

சர்க்கரை நோயாளி ஒருவருக்கு உள்ளங்காலில் சின்னதாக ஒரு புண். தினமும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போய் கட்டு மாற்றுகிறார். மாத்திரையும் தவறுவதில்லை. ஆனாலும் வாரக்கணக்கில் புண் அப்படியே இருக்கிறது. ஏன்?

பல நேரம் பதில், அந்த 'நடந்து போய்' என்பதில்தான் இருக்கிறது.

"வலியே இல்லையே, தானா ஆறிடும்" என்று சொல்வதுதான் ஆபத்து. நாள்பட்ட சர்க்கரை நோயில் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறையும். வலித்தால் நொண்டி நொண்டியாவது நடப்போம். வலிக்காததால் ஒவ்வொரு அடியிலும் முழு எடையும் புண் மேலேயே இறங்குகிறது.

இது வேலூருக்குப் பழைய பாடம். 1946-ல் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் புண்ணில் இதையே பார்த்தார். சதை கெட்டுப்போனதால் புண் ஆறவில்லை என்று அப்போது பலரும் நம்பினர். மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைக் குறைத்தால் அதே புண் ஆறும் என்று அவர் காட்டினார். சர்க்கரை நோய்ப் புண்ணுக்கும் இன்று அதே வைத்தியம் உண்டு.

தினக்கூலிக்குப் போகிறவரிடம் 'காலை ஊன்றாதீங்க' என்பது சுலபம், கடைப்பிடிப்பது கஷ்டம். அதனால் புண் மேல் அழுத்தம் விழாத காலணி, எம்சிஆர் செருப்பு பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பாதத்தில் 10 கிராம் நைலான் இழையை வைத்து உணர்ச்சியையும், விரல் வைத்து நாடித்துடிப்பையும் சோதிக்க சில நிமிடங்கள் போதும். புண்ணின் நீள, அகலத்தை வாரம்தோறும் அளந்து எழுதி வைப்பது நல்லது. 4 வாரத்தில் பாதியாகக் குறையவில்லையா? களிம்பை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சீழ், சிவப்பு, வீக்கம், சூடு என தொற்றின் அறிகுறி இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

கணுக்காலுக்கு மேலே, நரம்புச் சுருட்டலோடு வரும் புண் வேற ரகம். அதற்கு அழுத்தக் கட்டுதான் வைத்தியம். ஆனால் காலுக்கு ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் இறுக்கிக் கட்டினால் வினையாகிவிடும்.

காபித்தூள், மஞ்சள்தூள் எதையும் புண்ணில் அப்ப வேண்டாம்.

காய்ச்சல், துர்நாற்றம், பரவும் சிவப்பு, விரல் கறுப்பது... இதில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.