ஆரம்ப சுகாதார நிலையத் தர மதிப்பீடு

அரசு மருத்துவ நிலையங்களின் சிகிச்சைத் தரத்தை அளக்கும் முறை. இந்தியாவில் 2013இல் அறிமுகமான தேசியத் தர உறுதி நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. தூத்துக்குடி, திருச்செந்தூர் கடலோரத்தில் மீனவர், உப்பளத் தொழிலாளர் நாடும் நிலையங்களுக்கும் இவையே பொருந்தும்.

மதிப்பீடு எட்டுப் பிரிவுகளைக் கொண்டது: சேவை வழங்கல், நோயாளர் உரிமை, உள்ளீடுகள், துணைச் சேவைகள், மருத்துவப் பராமரிப்பு, தொற்றுக் கட்டுப்பாடு, தர மேலாண்மை, விளைவுகள். மதிப்பீட்டாளர்கள் நேரில் பார்வையிட்டு, பதிவேடுகளைச் சரிபார்த்து, பணியாளரிடமும் நோயாளரிடமும் விசாரிப்பர். ஒவ்வொரு கூறுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். தேசியச் சான்றிதழ் பெற மொத்தத்தில் குறைந்தது 70 விழுக்காடு தேவை. அச்சான்றிதழ் 3 ஆண்டுகள் செல்லும்.

கட்டடமும் கருவிகளும் மட்டுமே தரமாகா. தினக்கூலியை இழந்து வரும் நோயாளிக்கு மருத்துவர் காது கொடுப்பதும், மருந்தை விளக்கிச் சொல்வதும் தரத்தின் இன்றியமையாத கூறுகள்.